நடுப்படலம்

நான் ஓய்வு பெற்ற தினத்தன்று நடந்த உபசார விருந்தில், முனைவர் பட்டத்தோடு புதிதாக வந்து சேர்ந்திருந்த ஓர் இளைஞர், "நீங்கள்லாம் ரெசிபி பார்த்து மருந்து காய்ச்சினவங்க சார், பசுமை வேதியியல் இனிமேல்தான் வரப்போகுது" என்று மரியாதையாகவே சொன்னார். 34 வருஷம் ரியாக்டர் ஓரத்தில் நின்றவன் நெஞ்சில் அந்தச் சொல் தைத்தது, இன்னும் அகலவில்லை.

ஐபுபுரோஃபெனையே திருஷ்டாந்தமாகக் கொள்கிறேன். இங்கிலாந்தில் பூட்ஸ் கம்பெனியார் வகுத்த பழைய மார்க்கம் அசைலேஷன், டார்ஸென்ஸ், ஆல்டிஹைடு, ஆக்ஸைம், நைட்ரைல், கடைசியில் ஹைட்ராலிசிஸ் என்று ஆறு படிகள் கொண்டது. உள்ளே போகும் அணுக்களில் நூற்றுக்கு 40 பங்குதான் மருந்தாகும். அதன் முதற்படியிலேயே எனக்கு ஆயுள் முழுதும் போதுமான பாடம் இருந்தது.

அந்தப் படியில் போடும் அலுமினியம் குளோரைடைக் கிரியா ஊக்கி என்று பாடபுத்தகம் சொன்னாலும், அது விளைந்த கீட்டோனைப் பற்றிக்கொண்டு விடாமல் நிற்பதால் மோலுக்கு மோல் போட்டாக வேண்டும். பிறகு அமிலம் கலந்த பனிநீரில் கொட்டினால்தான் பிடி தளரும். சேர்ந்த முதல் வருஷம், ஓர் இரவு ஷிஃப்டில், சிக்கனம் என்று எண்ணி நான் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைக் குறைத்துவிட்டேன். சைட் கிளாஸில் டார்ச் அடித்துப் பார்த்தால், தெளிந்த இரண்டு படலங்கள் நிற்க வேண்டிய இடத்தில், அவற்றுக்கு நடுவே உறைந்த நெய் போல வெண்மையும் பழுப்புமாக முழங்கை உயரத்துக்குக் கூழாய் ஒரு நடுப்படலம்! ஈ.டி.சி. என்னும் கரைப்பானை இன்னும் ஒரு டிரம் ஊற்றச் சொன்னேன். கல்லூரி வாசல் மிதியாத எங்கள் ஷிஃப்ட் மேற்பார்வையாளர் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"தம்பி, அமிலம் பத்தலை. அலுமினியம் கூழாயிடுச்சு. இதுல ஈ.டி.சி.யை ஊத்தினா அந்த ஈ.டி.சி.யும் குப்பைதான்."

பி.எச். தாளை நனைத்துக் காட்டினார். அமிலத்தைச் சிறுகச் சிறுகச் சேர்த்து, மிதமான சூட்டில் மெள்ளக் கலக்கி, கலக்கியை நிறுத்திவிட்டு ஒரு மணி நேரம் யாரையும் அருகே அண்டவிடவில்லை. கூழ் கரைந்து ஒரு விரற்கடை அளவாயிற்று. அதையும் வடித்து நிறுத்து, பேட்ச் ஷீட்டின் ஓரத்தில் கிலோக் கணக்கை என்னையே பென்சிலால் எழுதச் சொன்னார். ஷீட்டில் அதற்கென்று கட்டம் கிடையாது.

ஒரு கிலோ மருந்துக்கு 25 முதல் 100 கிலோவும் அதற்கு மேலும் கழிவு என்று ரோஜர் ஷெல்டன் 1992இல் உலகுக்கு எடுத்துச் சொன்னதைப் படித்தபோது, எனக்கு அந்தப் பென்சில் எழுத்துத்தான் நினைவில் எழுந்தது. அதே ஆண்டு டெக்ஸாஸ் மாகாணத்துப் பிஷப் நகரில் பி.எச்.சி. கம்பெனியார் மூன்றே படிகளில், நூற்றுக்கு 77 அணுக்கள் மருந்தில் சேரும்படி ஐபுபுரோஃபெனைச் செய்யத் தொடங்கினர். அலுமினியக் கழிவு அடியோடு ஒழிந்தது. அலுமினியம் குளோரைடின் ஸ்தானத்தில் வந்த ஹைட்ரஜன் ஃபுளோரைடை மீட்டு மீட்டு உபயோகித்தார்கள். 1997இல் அதற்கு விருதும் கிடைத்தது. எலும்பு வரை அரிக்கும் அந்த விஷத்தைக் குழாயை விட்டு வெளியேறாமல் காத்த தொழிலாளிகளின் கைகளுக்கும் அவ்விருதில் பாத்தியதை உண்டு என்பது என் திடமான அபிப்பிராயம்.

இன்றைய பிள்ளைகளோ டொலுவீனை எடுத்துவிட்டுத் தாவர மூலமான வேறொரு கரைப்பானைப் போட்டதும் பசுமை என்று ஸ்லைடு போடுகிறார்கள். பிறகு அதே சரக்கை ஐந்து தடவை நீரால் கழுவி, மீதிலீன் குளோரைடில் இழுத்து, சிலிக்கா நிரலில் ஏற்றுவது எந்த ஸ்லைடிலும் வருவதில்லை. மருந்தாலையை விட்டு வெளியேறும் கழிவில் பெரும்பங்கு கரைப்பானும் நீருமே என்பதை அறிந்தவர்கள், வினை முடிந்த பின் நடக்கும் வேலையை எப்படிக் கணக்கில் சேர்க்காமல் விடலாம்? நடுப்படலம் கட்டினால் இன்னும் ஒரு டிரம் ஊற்றுகிறார்கள். தடுக்க ஒரு கை இல்லை.

சென்ற மாதம் ஆலைக்குப் போயிருந்தேன். பேட்ச் ஷீட் இப்போது கணினித் திரையில் இருக்கிறது. நடுப்படலத்தின் எடையை எங்கே பதிகிறீர்கள் என்று கேட்டேன். "அதுக்குக் கட்டம் இல்லை சார்" என்றார் அதே இளைஞர். அங்கே ஓரமும் இல்லை.