ஆலங்காட்டில் ஒரு ஹீலியோஸ்

திருவாலங்காடு வடாரண்யேஸ்வரர் கோயிலுக்கு வெளியே, மரக்கிளைகளின் ஊடாகக் காலை வெயில் இறங்கும் இடமாகப் பார்த்துப் பையைத் திறந்தேன். உள்ளே இரண்டு ஹீலியோஸ் 44-2 லென்ஸ்கள். சோவியத் காலத்து ஜெனித் கேமராக்களோடு வந்தவை, 58 மி.மீ., எஃப் 2. ஜெர்மனியின் கார்ல் சைஸ் பயோட்டாரைப் பின்பற்றிச் செய்தவை. ஒன்று ஆலையிலிருந்து வந்தபடியே இருக்கிறது. மற்றதில் முன்கண்ணாடியைத் திருப்பிப் போட்டிருக்கிறேன். ஒரே வெயிலில் இரண்டும் எப்படிப் பார்க்கின்றன என்று அறியவே இந்தப் பயணம்.

முதலில் மாற்றாத லென்ஸ். பின்புறம் 42 மி.மீ. விட்டத்தில் மரை, எம்42 என்பார்கள். கேமராவில் பொருந்தும் இடத்திலிருந்து ஃபிலிம் வரை 45.46 மி.மீ. இருந்தால்தான் இதில் தூரத்துக் காட்சி கூர்மையாக விழும். என் சோனி மிரர்லெஸ் கேமராவில் அந்த இடைவெளி 18 மி.மீ.தான். மிச்சமுள்ள 27.46 மி.மீ.யை அடாப்டர் நிரப்புகிறது. உள்ளே கண்ணாடி எதுவும் கிடையாது, வெறும் உலோகக் குழாய். பழைய லென்ஸ்களுக்கு மறுவாழ்வு கிடைத்ததே இந்தக் குறைந்த இடைவெளியால்தான். நிக்கான் எஸ்எல்ஆரில் அது 46.5 மி.மீ.; அங்கே இதே லென்ஸை வெறும் வளையத்தோடு மாட்டினால் பக்கத்து இலை தெளியும், தூரத்துக் கோபுரம் தெளியாது.

பூ கட்டிக்கொண்டிருந்த அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா தம்பி, சும்மா சும்மா கழட்டி மாட்ற?"

"கண்ணாடிய மாத்திப் பாக்குறேன்மா. உங்கள ஒண்ணு எடுத்துக்கட்டுமா?"

"எடு, எடு. அப்படியே ஒரு முழம் வாங்கிக்கோ."

ஆறேழு அடி தள்ளி உட்கார்ந்தேன். அவருக்குப் பின்னால் இலைக்கூட்டம். இந்த லென்ஸுக்கு அதுதான் தீனி. ஆட்டோஃபோகஸ் கிடையாது. திரையில் பெரிதாக்கி, வளையத்தை மெல்லத் திருப்பி, நார் முடிச்சு விழும் விரல்நுனியில் நிறுத்தினேன். எஃப் 2இல் முகமும் கையும் தெளிவு. பின்னால் இலைகளின் ஒளிப்பொட்டுகள், நடுவில் வட்டமாகவும் ஓரத்தில் நசுங்கியும், அவரைச் சுற்றி லேசாகச் சுழன்றன. ஓரத்தில் சாய்ந்து வரும் ஒளியை லென்ஸின் குழலே கொஞ்சம் வெட்டிவிடுவதால் வரும் சுழற்சி இது.

அடுத்து, மாற்றிய லென்ஸ். விரல்கள் மட்டும் தங்கின. சேலைக் கரை, கூடை, மரம் எல்லாம் கரைந்து சுற்றின. திரையைக் காட்டினேன். "விரலு நல்லாக்கீது. சுத்தி இன்னாத்துக்குத் தண்ணியில கலக்குன மாதிரி கீது?" என்றார். சரியான கேள்வி. அவர் முகத்துக்கு முதல் படமே நியாயம் செய்தது, கைவேலைக்கு இரண்டாவது.

இந்த மாற்றத்துக்குப் பெரிய பட்டறை வேண்டாம். ரப்பரை அழுத்திச் சுழற்றினால் பெயர் பொறித்த வளையம் கழன்றுவிடும். முன்கண்ணாடியை எடுத்து, வெளியே புடைத்திருந்த பக்கத்தை உள்ளே திருப்பி வைத்து மூட வேண்டியதுதான். வேண்டாம் என்றால் பத்து நிமிடத்தில் பழையபடி ஆக்கிவிடலாம். எஸ்எல்ஆர் கண்ணாடியில் இடிக்கிறதென்று லென்ஸின் பின்புற உலோகத்தை அராவிவிடுகிறவர்களும் உண்டு. அதை என்னால் ஏற்க முடியாது. இவை பழைய லென்ஸ்கள். அடுத்து வாங்குகிறவருக்கு முழுசாகப் போய்ச் சேர வேண்டும்.

வெயில் ஏறியதும் கோபுரத்துக்கு வந்தேன். மாற்றிய லென்ஸில் சுதைச் சிற்பங்களின் முகங்கள் ஓரத்தில் இழுபட்டுப்போயின. அழித்துவிட்டேன். மாற்றாததை எஃப் 8க்குக் கொண்டுவந்தேன். இதில் வளையங்கள் இரண்டு: ஒன்றில் எண்ணை வைத்துவிட்டு, மற்றதால் திறந்து ஃபோகஸ் பார்த்து, படம் எடுக்கும் முன் அந்த எண் வரை மூடிக்கொள்ளலாம். பழைய பூச்சு என்பதால் நேர் வெயிலில் படம் வெளுக்கும். இடது கையை லென்ஸுக்கு மேல் குடையாகப் பிடித்தேன். சிற்பங்களின் விரல்கள்கூடத் தனித்தனியே தெரிந்தன. ரத்தின சபையில் ஊர்த்துவ தாண்டவரைத் தரிசிக்க உள்ளே போகும்போது, இரண்டு லென்ஸ்களுக்கும் மூடி போட்டுப் பைக்குள் வைத்தேன்.