அடம்பனில் ஓர் அரைப்புள்ளி

பாமினி எழுத்துருவில் ‘தமிழ்’ என்று எழுத ஆங்கிலக் கீபோர்ட்டில் அழுத்த வேண்டியவை: ஜே, கே, பி, ஓ, கடைசியில் அரைப்புள்ளி. ‘அம்மா’ என்றால் எம், கே, அரைப்புள்ளி, கே, எச். மெய்யெழுத்துகளுக்கெல்லாம் புள்ளி குத்துகிற வேலை, வலது கைச் சுண்டுவிரலுக்குக் கீழே இருக்கிற அந்த ஒரு விசையின் தலையில். ஆங்கிலத்தில் எழுதுகிறவருக்கு அரைப்புள்ளி எப்போதாவது ஒருநாள் தேவைப்படும். தமிழில் புள்ளி இல்லாமல் ஒரு வரி நகராது. எங்கள் பக்கத்துக் கொமினிகேசன் கடைகளில் கீபோர்ட்டைக் கவனித்துப் பாருங்கள். மற்ற எழுத்துகள் மங்கலாகவாவது தெரியும். அரைப்புள்ளி விசை மட்டும் மொட்டையாய் மினுங்கும். முதலில் சாகிறதும் அதுதான்.

உயிலங்குளத்துப் பக்கம் படிப்பிக்கிற நண்பர் ஒருவர்தான் சொன்னார்: “அடம்பன்ல ஒரு பொடியன் பழைய கல்லா மெசினை உடைச்சுத் தன்ரை மனிசிக்குக் கீபோர்ட் செய்யிறான். நீ இப்பிடியானதுகளைத்தானே தேடித் திரியிறாய், போய்ப் பார்.”

மன்னாரிலிருந்து தாம்போதியைக் கடந்து, தள்ளாடியில் திரும்பி, திருக்கேதீச்சரப் பக்கமாகப் போனால் பாதி வழி வயல்தான். கட்டுக்கரைக்குளத்துத் தண்ணீரை நம்பிய நிலம். காலபோகத்தில் எல்லோரும் விதைப்பார்கள். சிறுபோகத்தில் குளத்தில் இருக்கிற தண்ணீரைக் கணக்குப் பார்த்து, ஆளுக்கு இவ்வளவு காணிதான் என்று பங்கு பிரிப்பார்கள். பங்கு என்று வந்தால் கடிதம் வரும். கமக்காரர் அமைப்புக்கு ஒன்று, பிரதேச செயலகத்துக்கு ஒன்று, பிரதி கச்சேரிக்கு. அந்தக் கடிதங்களில் கணிசமானவை நான் போன கடையில்தான் அடிக்கப்படுகின்றன.

கடை என்றால் ஒரு அறை. போட்டோக் கொப்பி, லமினேற்றிங், ரீலோட், போன் திருத்தம். மேசை ஒன்றுதான். இடது பாதியில் மனைவி கொம்பியூட்டரோடு இருக்கிறார், வலது பாதியில் கணவர் ஈயம் வைக்கிறார். நடுவில் லமினேற்றிங் மெசின். முழு நீளக் கீபோர்ட் வைத்தால் அதன் வலது பக்கத்து இலக்கப் பலகை மெசினில் முட்டும். சின்னதாகச் செய்ய நினைத்ததற்கு முதல் காரணமே அதுதான். 1996இல் ஜப்பானில் எயிச்சி வாடா என்ற பேராசிரியர், நிரல் எழுதுகிறவர்களுக்கென்று தேவையற்ற விசைகளைக் கழித்துவிட்டு 60 விசையில் ஒரு கீபோர்ட்டை வடிவமைத்தார். கீபோர்ட் பித்தர்கள் இன்றைக்கும் அதைக் கொண்டாடுகிறார்கள். அடம்பனில் 61 விசை.

“தம்பி, இதை ஆரிட்டைப் பழகினனீர்?” என்று கேட்டேன்.

“கீபோர்ட் செய்யப் பழகேல்லை அண்ணை. ஈயம் வைக்க அப்பாட்டைப் பழகினது.”

அப்பா வானொலி திருத்துகிறவர். 90களில் வன்னிக்குள் பொருளாதாரத் தடை. பேட்டரி கொண்டுவர முடியாது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் செய்தி கேட்ட காலம். டைனமோவிலிருந்து வருவது மாறுமின்னோட்டம். அதை ரேடியோவுக்கு ஏற்ற நேர்மின்னோட்டமாக்க டயோட் வேண்டும். அதனால் அப்பா செத்த பொருள் எதையும் எறியமாட்டார். டயோட், தடை, கொண்டென்சர் எல்லாவற்றையும் கழற்றிப் பால்மா ரின்களில் போட்டு வைப்பார். 2008 மே மாதம் அடம்பன் இராணுவத்தின் கைக்குப் போனது. அதற்கு முன்பே சனம் வெளிக்கிட்டுவிட்டது. வெளிக்கிடும்போது ரின்களை வளவுக்குள் தாட்டுவிட்டுப் போனார்களாம். மீள்குடியேறி வந்து கிண்டியபோது ரின் உக்கிப்போயிருந்தது. உள்ளே கண்ணாடிக்குள் அடைத்த சின்ன 4148 டயோட்டுகள் மட்டும் கால் கறுத்து, ஆனால் உயிரோடு. அவற்றைத்தான் இவர் மணல்தாளில் தேய்த்து, மீற்றரில் ஒவ்வொன்றாகச் சோதித்து எடுத்திருக்கிறார். ஒரு பக்கம் பிடித்தால் 0.6 வோல்ட் அளவில் காட்ட வேண்டும், திருப்பிப் பிடித்தால் எதுவும் காட்டக் கூடாது.

கீபோர்ட்டுக்கு டயோட் எதற்கு? 61 விசைக்கும் தனித்தனிக் கம்பி இழுக்க, மூளையாக இருக்கிற சின்னச் சிப்பில் அவ்வளவு கால் கிடையாது. ஆகவே எட்டு நிரை, எட்டு நிரல். 64 சந்திகளுக்கு 16 கம்பி போதும். எந்த நிரையும் எந்த நிரலும் தொடுகின்றன என்று பார்த்து, எந்த விசை அமுங்கியது என்று சிப் கண்டுபிடிக்கும். இதில் ஒரு வில்லங்கம். ஒரு சதுரத்தின் மூன்று மூலை விசைகளை ஒன்றாக அழுத்தினால் மின்சாரம் சுற்றுவழியாக ஓடி, தொடாத நாலாவது மூலையும் அமுங்கியதாகக் காட்டும். அடிக்காத எழுத்து வந்து நிற்கும். ஒவ்வொரு விசைக்கும் ஒரு டயோட் வைத்தால் மின்சாரம் திரும்பி ஓடாது. செம்மஞ்சள் கண்ணாடியில் ஒரு பக்கம் கறுப்புக் கோடு. 61 கோடும் ஒரே திசையைப் பார்க்க வேண்டும். கம்பிக்குப் பழைய நெட்வேர்க் கேபிள் இரண்டு துண்டு. ஒன்றுக்குள் எட்டு நிறத்தில் எட்டு இழை, நிரைக்கு ஒரு துண்டு, நிரலுக்கு ஒரு துண்டு. கணக்கு அவ்வளவு சுத்தமாகப் பொருந்தியதில் அவருக்கு இன்னும் சந்தோசம்.

சிப்புக்குள் புரோகிராம் ஏற்றுவதையும் காட்டினார். திரையில் வரிகள் ஓடின. அதைப் பற்றி எழுத என்னிடம் ஒன்றுமில்லை.

விசைகள் வந்த கதைதான் ருசி. கல்லா மெசின் ஒரு சுப்பர்மார்க்கெட்டில் இருந்தது. தொடுதிரை வந்ததும் பழையதைக் கழித்துவிட்டார்கள். அதற்குள் இருந்தவை செரி கம்பனியின் எம்எக்ஸ் விசைகள், கறுப்பு நிறம். அமெரிக்காவில் தொடங்கி ஜெர்மனிக்குக் குடிபோன கம்பனி அது. 80களில் வந்த அந்த விசை இன்றைக்கும் அதே அளவில் இருக்கிறது. ஒன்றைக் கழற்றிக் காட்டினார். அடியில் ஈயத்தைச் சூடாக்கி உறிஞ்சியால் இழுத்துவிட்டு, பக்கத்து நாலு கொக்கிகளையும் விலக்கினால் மேல்மூடி வரும். உள்ளே சிலுவைத் தலை வைத்த கறுப்புத் தண்டு, ஒரு சுருள்வில், மெல்லிய செப்புத் தகடு இரண்டு. தகடுகள் தொடுகிற இடத்தில் மணலளவு பொன் பூச்சு. தண்டு நாலு மில்லிமீற்றர் இறங்கும். இரண்டாவது மில்லிமீற்றரிலேயே எழுத்து பதிந்துவிடும். சாதாரணக் கீபோர்ட்டில் இந்த ஒன்றும் இல்லை, எல்லா விசைக்கும் கீழே ஒரே றப்பர்த் தாள்தான். அதில் ஒரு இடம் கிழிந்தால் முழுவதையும் தூக்கி எறிய வேண்டும். இதில் ஒரு விசை செத்தால் அதை மட்டும் மாற்றலாம்.

“புதுசை விடப் பழசுதான் அண்ணை வழுக்கிக்கொண்டு போகுது. எத்தினை வருசம் பில் அடிச்ச விரல் தேய்ச்சது, தெரியுமே?”

தகட்டுக்கு விளம்பரப் பலகைக் கடையில் மிஞ்சிய ஒன்றரை மில்லிமீற்றர் அலுமினியம். விசைக்கு விசை முக்கால் அங்குலம், துளை 14 மில்லிமீற்றர்ச் சதுரம். வட்டத் துளை போட்டு, நாலு மூலையையும் அரத்தால் ராவிச் சதுரமாக்க வேண்டும். இதை அவர் செய்தது 2022இல். அந்த மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் நின்றது. கொப்பி எடுக்க முடியாது, ஈயம் வைக்க முடியாது, கடை திறந்தும் வேலை இல்லை. அரத்துக்கு மின்சாரம் வேண்டாம். துளைகளை மட்டும் மின்சாரம் வந்த இரவுகளில் போட்டு வைத்துக்கொண்டு பகல் முழுவதும் ராவினாராம்.

அந்த வருசத்தில் இன்னொன்றும் நடந்தது. மார்ச் தொடக்கத்தில் டொலருக்கு 200 ரூபா அளவில் இருந்தது, மே மாதம் 360ஐத் தொட்டது. இறக்குமதிக் கட்டுப்பாடு வேறு. மலிவான றப்பர்க் கீபோர்ட்கூட ஆனை விலை. அப்போதுதான் பழைய சாமான் தரகர்களுக்குக் கண் திறந்தது. கழித்த கொம்பியூட்டரைப் பள்ளிக்கூடங்களிலும் கந்தோர்களிலும் கிலோக் கணக்கில் வாங்குகிறார்கள், எண்ணிக்கைக் கணக்கில் விற்கிறார்கள். வாங்கும்போது அது இரும்பு, விற்கும்போது அது ‘விண்டேஜ்’. கழற்றினவனுக்கும் சுமந்தவனுக்கும் அந்த இடைவெளியில் ஒரு சதம் இல்லை. ஈயப் புகையைச் சுவாசித்துப் பலகையை எரித்துச் செம்பு எடுக்கிற பிள்ளைகளுக்கு இருமல்தான் கூலி. கொழும்பில் ஒருவர் போனில் ஒரு படத்தைப் போட்டு, இங்கே ஏழைக் கடைக்காரன் இரண்டு மாத வாடகையை யோசிக்க வேண்டிய விலையைச் சொல்கிறார். போருக்குப் பிறகு இந்தப் பக்கத்துக்கு அன்பளிப்பாக வந்து குவிந்த கொம்பியூட்டர்களில் திருத்தத் தெரிந்தவனுக்கு என்று ஒரு திருகாணிகூட வரவில்லை. பழுதானதும் அவையும் தரகரிடம்தான் போய்ச் சேர்ந்தன. நான் பொரிந்து தள்ளியதை அவர் அமைதியாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “எனக்குக் கல்லா மெசினை ஓசியாத் தந்தவர் ஒரு பழைய இரும்பு யாவாரிதான் அண்ணை. அவற்றை போனைத் திருத்திக் குடுத்தனான்.”

இதுவரை அந்த அக்கா ஒன்றும் பேசவில்லை. ஒருவருக்குக் காணி அனுமதிப்பத்திர விண்ணப்பம் அடித்துக்கொண்டிருந்தார். பார்வை தாளில், கை தானாக ஓடியது. ஆள் போன பிறகு கையைக் காட்டினார். வலது சுண்டுவிரல் முதல் கணுவில் கொஞ்சம் வளைந்திருந்தது.

போர்க்காலத்தில் அவர் பள்ளிக்கூடப் பிள்ளை. 2009இல் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் சனத்துக்குப் படிவங்கள்தான் பெரும்பாடு. பதிவுப் படிவம், உறவைத் தேடும் படிவம், பிள்ளையைக் கேட்கும் மனு. இவருக்கு எழுத்து வடிவு. கூடாரத்துக்குக் கூடாரம் கூப்பிட்டு எழுதுவித்திருக்கிறார்கள். “காசு வாங்கேல்லை. சில ஆக்கள் பிஸ்கட் தருவினம்.” ஊருக்குத் திரும்பியபின் ஒரு தொழிற்பயிற்சியில் தையலா, தட்டச்சா என்று கேட்டபோது தட்டச்சைச் சொன்னாராம். படிவம் எழுதிய கைக்கு அடுத்தது அதுதான் என்று பட்டது. இன்றைக்கும் அதே ஆட்கள் அதே விசயங்களோடு வருகிறார்கள். கடிதத்தின் தலைப்பில் அலுவலகத்தின் பெயர்தான் மாறுகிறது.

அவர் பழகியது யளனகப. தட்டச்சு வகுப்பில் இடது கை விரல்கள் முதலில் மனனம் செய்கிற வரிசை. யாழ்ப்பாணத்தில் பிறந்து சிங்கப்பூருக்குப் போன இரா. முத்தையா, தமிழ்த் தட்டச்சுப் பொறியை வடிவமைத்து ஜெர்மனியில் செய்வித்தபோது, அத்தனை தமிழ் எழுத்துகளையும் ஒரு சிறு பலகைக்குள் அடக்க வேண்டியிருந்தது. அழுத்தினாலும் உருளை நகராத ‘நகரா விசை’யை வைத்து அவர் அதைத் தீர்த்தார். புள்ளி போட்டாலும் தாள் நகராது, எழுத்து அதே இடத்தில் வந்து விழும். தட்டச்சுப் பொறிகள் காயலானுக்குப் போன பிறகும் அந்த வரிசை கைகளில் தங்கி, பாமினிக்குள் வந்து, இப்போது இந்த மேசையில் இருக்கிறது. அரசாங்கம் யுனிகோட் கேட்கிறது என்றால் பாமினியில் அடித்து மாற்றியில் போட்டுக் கொடுக்கிறார்.

கறுப்பு விசை கொஞ்சம் இறுக்கம், 60 கிராம் அளவுக்கு அழுத்த வேண்டும். மற்ற விரல்களுக்கு அது பரவாயில்லை. புள்ளிக்கு ஒத்துவராது. அதற்கும் வழி கிடைத்தது. காப்புரிமைக் காலம் முடிந்தபின் சீனாவில் அதே அளவில் விசைகள் செய்யத் தொடங்கினார்கள். கேம் விளையாடுகிற பெடியன் ஒருவன் தேநீர் ஊற்றிக் கெடுத்த கீபோர்ட்டில் அப்படிப்பட்ட சிவப்பு விசைகள் இருந்தன. அவற்றின் வில் இளகியது. வில்லை மட்டும் எடுத்துக் கறுப்புக்குள் போட்டார். புள்ளி, அரவு, ம, த: வலது கையில் அதிகம் உழைக்கிற நாலு இடத்தில் இளகிய வில்.

எழுத்துக்கு ஸ்டிக்கர் தேவைப்படவில்லை. கல்லா மெசினின் விசைத் தொப்பி இரண்டு அடுக்கு. மேலே தெளிந்த பிளாஸ்டிக் மூடி, அதைக் கிளப்பினால் கீழே தாள் துண்டு வைக்க இடம். கடைக்காரர் சாமானின் பெயரை எழுதி வைப்பதற்கென்று அப்படிச் செய்திருக்கிறார்கள். ‘சப் டோட்டல்’ என்று அச்சடித்த துண்டை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ‘க’ வைத்தார். ‘வொயிட்’ இருந்த இடத்தில் புள்ளி. துண்டுகளை அக்காவே தன் அச்சுப் பொறியில் அடித்து வெட்டியிருக்கிறார். மூடி இருப்பதால் விரல் பட்டு எழுத்து அழியாது. பெரிய விசைகள் மட்டும் 90களின் கந்தோர்க் கீபோர்ட் ஒன்றிலிருந்து வந்தவை. மஞ்சளாகிப் போயிருந்தவற்றுக்கு சலூனில் வாங்கிய ஹைட்ரஜன் பெரொக்சைட்டைப் பூசி வெயிலில் வைத்தார்களாம். அடம்பன் வெயிலுக்கு அது பெரிய வேலையில்லை.

“எப்பிடி இருக்குது அக்கா?”

“உயரமாக் கிடக்குது, மணிக்கட்டு நோகுது. சத்தமும் கூட. ஆனா புள்ளி நோகேல்லை.”

மணிக்கட்டுக்குப் பனஞ்சிராம்பு ஒன்றைச் சீவி முன்னால் வைத்திருக்கிறார் கணவர். சத்தத்துக்கு இன்னும் வழி தேடுகிறார்.

விடத்தல்தீவில் தட்டச்சுச் செய்கிற ஒரு பெண்ணும், மன்னாரில் கேம் விளையாடுகிற ஒரு பெடியனும் தங்களுக்கும் கேட்டிருக்கிறார்களாம். பெடியனுக்கு உள்ளே லைட் எரிய வேண்டும். அவனை ஒன்லைனில் வாங்கச் சொல்லிவிட்டார். அந்தப் பெண்ணுக்குச் செய்து கொடுக்க விருப்பம். தகடு மிச்சம் இருக்கிறது, ரின்னில் டயோட்டும் இருக்கிறது. விசைதான் இல்லை.

“இனி மன்னார்ல இன்னொரு கடைக்காரர் தொடுதிரை வாங்கோணும் அண்ணை. நீங்களும் ஆரும் அறிஞ்ச கடைக்காரர் இருந்தாச் சொல்லிப் பாருங்கோ.”