பிட்டுக் கொடுத்த அப்பம்

என்னோடு ஓமலூரில் பணியாற்றி, எனக்கு முன்னரே ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்தவர். கண்ணில் அறுவை நடந்து, தனியே பேருந்து ஏற இயலாதிருந்த நாட்களில், ஒரு ஞாயிறன்று அவரைச் சேலத்திலுள்ள தேவாலயத்துக்கு நான் அழைத்துச் செல்ல நேர்ந்தது. கடைசிப் பெஞ்சில் அமர்ந்திருந்தேன். ஆயர் அப்பத்தைப் பிட்டு, முழந்தாளிட்டிருந்தோரின் உள்ளங்கைகளில் ஒவ்வொன்றாக வைத்துச் சென்றார்.

அச்சடங்கின் பொருளில் நம் ஈமான் வேறு. திராட்சை ரசக் கிண்ணத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. ஆயினும் மதரஸாவில் ஓதியவனுக்கு அக்காட்சி அல்மாயிதா அத்தியாயத்தை நினைவூட்டாமல் இராது. ஈஸா நபி (அலை) அவர்களின் சீடர்கள் வானத்திலிருந்து ஓர் உணவு விரிப்பை வேண்டிய வரலாறு அங்கேதான் வருகிறது. வேதமுடையோரின் உணவு நமக்கு ஆகுமானது என்ற சட்டமும் அதே அத்தியாயத்தில்தான்.

திரும்பும் வழியில் நண்பர் சொன்னார்: “மௌலவி, இந்த ஒரு துண்டு அப்பத்துக்காக எங்கள் பெரியவர்கள் இருபத்தெட்டு வருடம் பேசினார்கள்.”

அதன் பிறகே அவ்வரலாற்றைத் தேடிப் படித்தேன். சென்ற நூற்றாண்டுகளில் வந்த மிஷனரிகள் வேதத்தோடு தம் நாட்டு வேலிகளையும் கப்பலில் கொண்டுவந்தனர். சேலத்தில் லண்டன் மிஷன், திருநெல்வேலியில் ஆங்கிலிக்கன், வேறிடங்களில் மெதடிஸ்ட். பேராயரின் கை தலைமேல் பட்டு உறுதிப்படுத்தப்படாதவருக்கு ஆங்கிலிக்கன் மேசையில் அப்பம் இல்லை என்பது விதி. எனவே நம் பக்கத்துக் கிறிஸ்தவர் ஒருவர் பிழைப்புக்காகத் திருநெல்வேலி சென்றால், அங்கே அவர் ஜெபிக்கலாம், பாடலாம். பந்தியில் மட்டும் இடமிராது. போதாக்குறைக்கு நம் மண்ணின் நோயும் அம்மேசையில் ஏறியிருந்தது. தஞ்சையிலும் வேப்பேரியிலும் சாதிவாரியாகத் தனித்தனியே அமர்ந்து, தனித்தனியே பந்திக்குச் சென்றார்கள். இதை அறவே விடவேண்டுமென்று கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன் 1833இல் ஓலை விடுத்தபோது, சபையை விட்டே வெளியேறியவர் பலர். அப்பத்தை விடவும் சாதி ருசித்தது போலும்!

1919 மே மாதம் தரங்கம்பாடியில் முப்பத்து மூவர் கூடி ஒன்றிணைப்பு அறிக்கையில் கையெழுத்திட்டனர். ஏறத்தாழ எல்லோரும் இந்தியர். அவர்களில் முதன்மையானவர் வெள்ளாளன்விளையில் பிறந்த வே. சா. அசரியா, 1912இல் தோர்ணக்கல் பேராயரானவர், ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர். பிரிவுகள் உங்கள் நாட்டில் பிறந்தவை, எங்கள் மேல் ஏன் சுமத்துகிறீர்கள் என்பதே அவர்கள் கேட்டதன் சாரம். பிறகு தொடங்கிய பேச்சு முடியவில்லை. அப்பத்தில் தகராறில்லை, அதைப் பிட்கும் கை யாருடையது, அந்தக் கை செல்லுமா என்பதிலேதான் தகராறு. பேராயரால் அபிஷேகம் பெறாத ஆயர் கொடுத்தால் அது திருவிருந்தாகுமா? முடிவில் கண்ட வழி எளிது. எவர் கையையும் செல்லாதென்று சொல்வதில்லை. உள்ளவர்களை உள்ளபடி ஏற்பது. இனி வருவோர்க்குப் பேராயரே அபிஷேகம் செய்வது.

1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. நாடு இரண்டாகி ஆறு வாரங்களே ஆகியிருந்த வேளை அது. இங்கிலாந்துத் திருச்சபை உடனே முழு உறவு கொள்ளத் தயங்கிற்று. அசரியா அந்நாளைக் காணவில்லை. 1945 ஜனவரி முதல் நாளே மறைந்துவிட்டார். விந்தை என்னவெனில், தரங்கம்பாடியில் முதலில் வேரூன்றிய லுத்தரன் சபையார் இன்றும் தனித்தே இருக்கின்றனர்.

நண்பரின் மனைவி கத்தோலிக்கக் குடும்பத்தவர். இன்றும் தம் கோயிலுக்கே செல்கிறார். அங்கே நண்பருக்கு நற்கருணை கிடையாது. “ஆறு நாளும் ஒரே அடுக்களை, மௌலவி. ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டு மேசை” என்று சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை.

நம் புனித ஹரமிலேயே கஅபாவைச் சுற்றி நான்கு மத்ஹபுகளுக்கும் வெவ்வேறு இடங்களில் வெவ்வேறு இமாம்கள் நின்ற காலமுண்டு. 1183இல் அங்கு சென்ற அந்தலூசியப் பயணி இப்னு ஜுபைர் அதைக் கண்டு எழுதியுள்ளார். 1920களில்தான் எல்லோரும் ஒரே இமாமின் பின் நின்றார்கள்.

மக்கா கிடக்கட்டும், என் வீட்டுக்கு வருகிறேன். தராவீஹ் எட்டா இருபதா என்ற சச்சரவில் எங்கள் ஊரார் சிலர் பிரிந்து வேறு பள்ளி கண்டபோது, அந்த இமாமின் பின்னால் தொழுதால் தொழுகை கூடாதென்று சொன்னவன் நானே. என் தம்பி அங்கே போனான். அத்தாவின் ஜனாஸாத் தொழுகையில்கூட நான் முன்னால் நின்றபோது அவன் வரிசையில் சேரவில்லை, சுவரோரம் நின்றான். பதினோரு ஆண்டுகளாக என் வீட்டு நோன்புக் கஞ்சி அவன் வீட்டுக்குப் போனதில்லை.

சென்ற ரமலானில் ஓர் இரவு அவர்கள் பள்ளிக்குப் போனேன். தம்பி என்னைப் பார்த்தான், ஸலாம் சொல்லவில்லை. ஆனால் சற்று நகர்ந்து வரிசையில் இடம் விட்டான். அந்த இமாமின் பின்னால் இஷாவும் எட்டு ரக்அத்தும் தொழுதேன். மீதிப் பன்னிரண்டை வீட்டுக்கு வந்து தொழுதுகொண்டேன்.