பேட்டரி மேல் விழும் பழி

சென்னை ரிச்சி தெருவில் நான் போயிருந்த லேப்டாப் சர்வீஸ் கடை முதல் மாடியில் இருக்கிறது. மூன்று மேசை போட்டதும் நிறைந்துவிட்ட அறை. பழைய லேப்டாப்பில் சார்ஜ் ஏன் மெதுவாக ஏறுகிறது, அதை இவர்கள் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க ஆசைப்பட்டேன்.

"வர்றவங்க எல்லாரும் பேட்டரி போயிடுச்சுன்னு சொல்லிக்கிட்டேதான் சார் படியேறி வருவாங்க" என்றார் கடைக்காரர். டிவி பழுதுபார்த்துத் தொழில் பழகியவர்.

அன்று வந்த கல்லூரி மாணவியும் அதையே சொன்னார். "ராத்திரி பூரா போட்டாலும் ஏறல அண்ணா. பேட்டரி மாத்திடுங்க." கடைக்காரர் லேப்டாப்பைத் தொடவே இல்லை. "சார்ஜர் கொண்டாந்தியாம்மா?" என்று கேட்டு வாங்கி, அடியில் இருந்த பொடி எழுத்தைப் படித்தார். 19.5 வோல்ட், 3.34 ஆம்பியர். பெருக்கினால் 65 வாட். அந்த லேப்டாப்புக்குச் சரியானதுதான். இதுவே 45 வாட்டாக இருந்தால் வேலை அங்கேயே முடிந்திருக்கும். சார்ஜர் தரும் மின்சாரத்தை முதலில் எடுத்துக்கொள்வது லேப்டாப், மிச்சம்தான் பேட்டரிக்கு. பத்து ஜன்னலைத் திறந்துவைத்து வீடியோவும் ஓடவிட்டால் மிச்சம் என்ன இருக்கும்?

பிறகு லேப்டாப்பை ஆன் செய்து, அதன் அடிப்படை அமைப்புகளைக் காட்டும் பயாஸ் திரைக்குப் போனார். எத்தனை வாட் சார்ஜர் என்று காட்ட வேண்டிய இடத்தில் 'தெரியவில்லை' என்று இருந்தது. சார்ஜர் ஒயர் பின்னோடு சேரும் இடத்தை இரு விரலால் மெல்ல வளைத்துப் பிடித்துக்கொண்டு மறுபடி ஆன் செய்தார். இப்போது 65 வாட் என்று வந்தது. சில லேப்டாப்களின் சார்ஜர் பின்னுக்கு நடுவில் ஊசிபோல் இன்னொரு பின் உண்டு. மின்சாரத்தைக் கொண்டுவருவது அதன் வேலையல்ல. 'நான் இத்தனை வாட் சார்ஜர்' என்று லேப்டாப்புக்குச் சொல்வதுதான். அதற்குப் போகும் கம்பி மிக மெல்லியது. அது அறுந்தால் சில லேப்டாப்கள் சார்ஜ் ஏற்றுவதையே நிறுத்திவிடும். விட்டு விட்டுத் தொட்டால் சார்ஜும் விட்டு விட்டு ஏறும். வைத்திருப்பவருக்கோ மெதுவாக ஏறுவதாகத்தான் தோன்றும்.

பேட்டரியையும் சோதித்தார். புதிதில் 42 வாட்-ஹவராக இருந்த கொள்ளளவு 29-க்கு இறங்கியிருந்தது. "இன்னும் ஒரு வருஷம் ஓட்டலாம்மா. இப்போ எதுக்குச் செலவு?"

ஒயரை மாற்ற சால்டரிங் அயர்ன் சூடாகிக்கொண்டிருந்தபோது அடுத்த மேசைக்கு நகர்ந்தேன். அங்கே ஒரு தம்பி மைக்ராஸ்கோப்பின் கீழ் மெதுவாகச் சார்ஜ் ஏறும் வேறொரு லேப்டாப்பின் போர்டை வைத்து, அரிசிமணி அளவே உள்ள ரெசிஸ்டர் ஒன்றைக் காட்டினார். மேலே 'ஆர்010' என்று எழுதியிருந்தது, 0.01 ஓம் என்று அர்த்தம். இதன் வழியாக 3 ஆம்பியர் ஓடினால் இரு முனைக்கும் இடையே 30 மில்லிவோல்ட் இருக்கும். அதை அளந்துதான் சார்ஜிங் ஐசி என்ற சிப் மின்சாரத்தைக் கூட்டிக் குறைக்கிறது. சால்டர் விட்டுப்போயோ, ரெசிஸ்டர் கெட்டோ அந்த 0.01 என்பது 0.02 ஆகிவிட்டால், ஐசி இரண்டு மடங்கு ஓடுவதாக நினைத்துப் பாதியாகக் குறைத்துவிடும். புது பேட்டரி போட்டாலும் அப்போது ஒன்றும் மாறாது. இதை யார் சொல்லியும் தராமல், செத்த போர்டுகளை அளந்து அளந்தே கற்றுக்கொண்டாராம். எந்தக் கல்லூரி ஆய்வகத்திலும் மதிப்போடு உட்கார வைக்க வேண்டிய பிள்ளை என்று எனக்குப் பட்டது.

மாணவியின் ரசீதில் இருந்தது ஒயருக்கும் சால்டரிங்குக்கும் ஆன தொகை மட்டும். கோளாறைக் கண்டுபிடித்ததற்குத் தனியாக ஒன்றும் போடவில்லை. பேட்டரி மாற்றியிருந்தால் லாபம் பல மடங்கு. கண்டுபிடித்ததற்கு ஏன் காசு கேட்பதில்லை என்று கடைக்காரரிடம் கேட்டேன். "பொருளுக்குக் காசு குடுப்பாங்க சார். பாத்ததுக்குக் கேட்டா, 'பாக்கத்தானே செஞ்சீங்க'ம்பாங்க." கோபமில்லாமல்தான் சொன்னார், கேட்ட எனக்குத்தான் ஆறவில்லை. இந்தத் தெருவில் பொருளுக்கெல்லாம் விலை இருக்கிறது, அந்த இரு விரலின் அறிவுக்கு மட்டும் இல்லை.

மாணவி கிளம்பும்போது ஒயரைச் சார்ஜரின் மேல் இறுக்கிச் சுற்றப் போனார். கடைக்காரர் தடுத்து வாங்கி, தளர்வாக வட்டம் போட்டுக் காட்டினார். "இப்படிச் சுத்தும்மா. பின் கிட்ட மடிக்காதே. அங்கதான் அறும்."