அகற்று என்றால் எங்கே?

பெங்களூரு புறநகரில் ஒரு குடியிருப்போர் சங்கத்துக்காகக் கர்நாடக உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு தாக்கல் செய்தேன். ஆண்டு 2019. பஞ்சர் கடைகளும் காயலான் கடை ஒன்றும் போட்டுப் போட்டுத் தெருமுனையில் ஆள் உயரத்துக்குப் பழைய டயர்கள் குவிந்திருந்தன. அந்த மழைக்காலத்தில் தெருவில் பல வீடுகளில் டெங்கு.

'டயர் எங்கள் குப்பைக் கணக்கில் வராது' என்றது உள்ளாட்சி அமைப்பின் பதிலுரை. 'தெருவைச் சுத்தம் செய்வது அவர்கள் வேலை' என்றது இன்னொரு அரசு அலுவலகம். பணமில்லை, கொசு மருந்து அடித்துவிட்டோம் என்ற வாதங்களும் வந்தன.

பணமில்லை என்பதற்குப் பதில் 1980-இலேயே இருந்தது. ரத்லாம் நகராட்சி வழக்கில், நிதியைக் காரணம் காட்டிச் சட்டக் கடமையிலிருந்து நகராட்சி நழுவ முடியாது என்று நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் தீர்ப்பளித்திருந்தார். மருந்து வாதத்துக்குப் பதில் டயருக்குள்ளேயே இருந்தது. நேரில் போய் ஒன்றைப் புரட்டிப் பார்த்தேன். எப்படிச் சாய்த்தாலும் உள்வளைவில் ஒரு கை தண்ணீர் தங்கியது, அதில் புழுக்கள் நெளிந்தன. ஏடிஸ் கொசு நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ரப்பரில் முட்டையிடும். தண்ணீர் வற்றினாலும் முட்டை மாதக்கணக்கில் தாங்கும். அடுத்த மழையில் பொரிக்கும். டயரை அகற்றாமல் கொசு ஒழியாது.

ஆனால் காயலான் கடைக்காரர் நீதிமன்ற வராந்தாவில் என்னிடம் கேட்டார்: "தெருவுல வெக்கக் கூடாதுன்னா, எங்க சார் கொண்டுபோறது?" நியாயமான கேள்வி. பதில் இல்லையென்றால் அந்தக் குவியல் ஓர் ஏரிக்கரைக்கு நகரும். அல்லது உள்ளிருக்கும் எஃகுக் கம்பிக்காக யாரோ கொளுத்துவார்கள், கரும்புகை அடுத்த ஊருக்குப் போகும். எனவே கோரிக்கையை விரித்தேன்: டயர் சேகரிக்க ஓரிடம் ஒதுக்க வேண்டும், லாரியில் ஏறும் எடையைப் பதிய வேண்டும், அனுமதி பெற்ற மறுசுழற்சி ஆலையின் ரசீதைத் தாக்கல் செய்ய வேண்டும். நீதிமன்றம் மூன்றையும் உத்தரவில் சேர்த்தது.

2022 ஜூலையில் மத்திய அரசு விதிகளைத் திருத்தி, பழைய டயருக்கான பொறுப்பைத் தயாரிப்பாளர், இறக்குமதியாளர் மீது வைத்தது. 2024-25 முதல், இரண்டாண்டுக்கு முன் தயாரித்த அல்லது இறக்குமதி செய்த புதிய டயர்களின் எடைக்கு 100 சதவீதம் மறுசுழற்சியால் ஈடுகட்டியாக வேண்டும். நல்ல விதிதான். ஆனாலும் பஞ்சர் கடை வாசலில் கிடக்கும் டயர் தானாக ஆலைக்கு நடந்து போகாது. அதைச் சேர்த்து ஏற்றி அனுப்ப உள்ளாட்சியால்தான் முடியும்.

இத்தகைய வழக்கோடு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இது: 'அகற்ற உத்தரவிடுக' என்பதோடு மனுவை முடிக்காதீர்கள். ஆலையின் ரசீதையும் கேளுங்கள்.