புளியங்காட்டுக் கட்டுச்சோறு

திண்டிவனம் என்னும் பெயரிலேயே புளி இருக்கிறது. திந்திரிணி என்பது வடமொழியில் புளியமரத்தின் பெயர். திந்திரிணி வனமே நாளடைவில் திண்டிவனம் ஆயிற்று என்பர். நெடுஞ்சாலையை அகலப்படுத்தியபோது சாலையோரப் புளியமரங்கள் பல வீழ்ந்துவிட்டன. எனினும் ஊரின் பெயர் அவற்றை மறக்கவில்லை. இங்கிருந்து விழுப்புரத்திற்கு இரயிலில் புறப்பட்டால் மயிலம், பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் என நிலையங்கள் ஒவ்வொன்றாய் வந்து செல்லும். தொலைவு ஏறத்தாழ 40 கிலோமீட்டர். இச்சிறு வழியில் நாம் எண்ணிப் பார்க்க விரும்புவது, வழிச்செல்வோர் கையில் இருக்கும் சோற்றுப் பொதியை.

வழிப்போக்கருக்குச் சோறிடுவது இம்மண்ணுக்குப் புதிதன்று. பத்துப்பாட்டில் ஒன்றாகிய சிறுபாணாற்றுப்படையின் தலைவன் ஓய்மாநாட்டு நல்லியக்கோடன். அவனுடைய கிடங்கில் இன்று திண்டிவனத்தின் ஒரு பகுதியாக விளங்குகிறது. அவனை நாடிச் செல்லும் பாணர்க்கு வழியில் என்னென்ன உணவு கிடைக்கும் என்பதைப் புலவர் நத்தத்தனார் வரிசையாகச் சொல்கிறார். மரக்காணம் என்று அறிஞர் பலர் கருதும் எயிற்பட்டினத்தில் சுட்ட உலர்மீன். ஓய்மாநாட்டு வேலூரில் புளி சேர்த்த சுடுசோறும் சுட்ட இறைச்சியும். ஆமூரில் சோற்றுடன் நண்டு. அரிசி, புளிப்பு, இறைச்சி ஆகிய மூன்றும் இவ்வட்டாரத்து வழியுணவில் எத்தனை காலமாய்க் கூடியிருக்கின்றன என்பதை இதனால் அறிகிறோம்.

நம் இல்லங்களில் அதன் வழிவந்ததே கட்டுச்சோறு. புளியைக் கெட்டியாய்க் கரைத்து, நல்லெண்ணெயில் கடுகு, மிளகாய், கடலைப்பருப்பு, வேர்க்கடலை தாளித்து, எண்ணெய் பிரியுமளவும் கொதிக்கவிடுவர். வேர்க்கடலைக்கும் இவ்வூருக்கும் தனி உறவு உண்டு. திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் தந்த கடலை இரகங்கள் டி.எம்.வி. என்று ஊரின் பெயரையே சுமந்து பல மாநிலங்களுக்குச் சென்றன. சோற்றை அகன்ற தாம்பாளத்தில் உதிர்த்து, ஆறவிட்டு, புளிக்காய்ச்சலைப் பிசறி, அனலில் வாட்டிய வாழையிலையில் பொதிந்து நாரினால் கட்டுவர். சோறு எளிதில் கெடாதபடி காப்பது புளியின் புளிப்பும் உப்பும். இலை கிழியாதபடி காப்பது அந்த அனல். உடன் கொண்டு செல்ல உப்புக்கண்டமோ கருவாடோ வறுத்து வைப்பதும் உண்டு.

முண்டியம்பாக்கம் சர்க்கரை ஆலையால் பெயர் பெற்ற ஊர். கரும்பு வெட்டும் கூட்டத்தார் விடியலிலேயே தூக்குச்சட்டியுடன் வயலுக்குச் செல்வதை இப்பகுதியார் நன்கறிவர். பசிபிக் பெருங்கடலின் நடுவேயும் அத்தகைய கரும்புக்காடுகள் இருந்தன. ஹவாய்த் தீவுகள் என்றால் நமக்குத் தொழுநோயாளரின் அப்போஸ்தலராகிய புனித தமியான் நினைவுக்கு வருவார். அவர் 1873-இல் மொலக்காய்க்குச் சென்று, 1889-இல் அங்கேயே உயிர் நீத்தார். அவர் அங்கே பணியாற்றிய அதே காலத்தில், 1885 முதல், ஜப்பானிய ஏழை உழவர் ஒப்பந்தக் கூலிகளாய் அத்தீவுகளுக்குக் கப்பலேறினர். அவர்கள் வயலுக்குக் கொண்டு சென்றது சோற்று உருண்டை. அதனுள்ளே உப்பில் ஊறிய புளிப்புக் காய் ஒன்று இருக்கும். நாம் புளியை நம்பியதுபோல் அவர்கள் அக்காயை நம்பினர்.

அவ்வுணவின் பெயர் முசுபி. கட்டுதல் என்னும் பொருளுடைய ஜப்பானியச் சொல்லினின்று பிறந்தது அது. கட்டுச்சோறு என்று நாம் சொல்வதையே அவர்களும் தம் மொழியில் சொன்னார்கள்! பின்னர், 1937-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ஸ்பாம் என்னும் டப்பா இறைச்சி, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் படைவீரர் வழியாக அத்தீவுகளில் பரவியது. அதன் துண்டைச் சோற்றின்மேல் வைத்துக் கட்டும் வழக்கம் 1980-களில் கடைகளுக்கும் வந்தது. ஹவாயின் கடைசிக் கரும்புத் தோட்டம் 2016-இல் மூடப்பட்டது. கட்டுச்சோறு மட்டும் நிலைத்து நிற்கிறது.

இதை நம் இல்லங்களிலும் செய்யலாம். பச்சரிசியைச் சற்றே குழைய வடித்து உப்பிட்டு, கையை நனைத்துக்கொண்டு, செங்கல் வடிவில் அழுத்த வேண்டும். டப்பா இறைச்சியை விரற்கனத்திற்கு நறுக்கி இருபுறமும் சிவக்க வறுத்து, சோயாக் குழம்பும் சர்க்கரையும் சேர்த்துப் புரட்டி, சோற்றின்மேல் வைத்து, காகிதம் போன்ற உலர்ந்த கடற்பாசியை அரைக்கச்சை போல் சுற்ற வேண்டும். நம் வீடுகளில் குளிர்களி செய்யும் கடற்பாசி வேறு, இது வேறு. இது கிடைக்காத ஊரில் வாட்டிய வாழையிலையே போதும். வெள்ளிக்கிழமையாயின் இறைச்சியை விடுத்து மீன் வறுவலை வைக்கலாம். ஆனால் ஒன்றை மறத்தலாகாது: இதில் புளிக்காய்ச்சல் இல்லை. திறந்த டப்பாவின் இறைச்சியும் வெறும் சோறும் நம் வெயிலில் நெடுநேரம் தாங்கா. செய்தவுடன் உண்பதே நன்று. நெடும் பயணத்திற்கு நம் புளிச்சோறே தகும்.

இனி விழுப்புரம். சென்னை, திருச்சி, மயிலாடுதுறை, புதுச்சேரி, காட்பாடி என ஐந்து வழிகள் கூடும் சந்திப்பு அது. ஆகஸ்டு இறுதியில் வேளாங்கண்ணிக்குச் செல்லும் திருப்பயணிகளும் இவ்வழியே போவர். கரும்பு வெட்டவும் செங்கற்சூளையில் உழைக்கவும் குடும்பத்துடன் ஊர்விட்டு ஊர் செல்வோரும் இந்நடைமேடையில்தான் மூட்டைகளுடன் காத்திருப்பர். ஒருபுறம் இலைப்பொதி பிரிகிறது, புளிமணம் பரவுகிறது. மறுபுறம் ஒரு தாய் தன் பிள்ளையின் முகத்தை வேறு பக்கம் திருப்புகிறாள். இக்காட்சியைக் காணாதார் நம்முள் எவர்?

யோவான் நற்செய்தியின் 6-ஆம் அதிகாரத்தில் ஒரு சிறுவன் வருகிறான். ஐந்து வாற்கோதுமை அப்பங்களும் இரண்டு மீன்களும் அவன் கையில் இருந்தன. அதுவும் ஒரு கட்டுச்சோறே அன்றோ! விடியலில் எழுந்து அதனைக் கட்டிக்கொடுத்த கை எவருடையது என்று நற்செய்தி சொல்லவில்லை. ஐயாயிரம் பேர் உண்டு எழுந்த அப்புதுமை, பெயர் தெரியாத ஒரு வீட்டின் அடுப்பங்கரையில்தான் தொடங்கியிருக்க வேண்டும். அச்சிறுவன் தன் பொதியை மறைத்து வைத்திருந்தால் அது அவனொருவன் பசியை மட்டுமே ஆற்றியிருக்கும்.

இன்று நம் பிள்ளைகள் பலர் தொலைதேசங்களில் வாழ்கின்றனர். யாரோ ஓர் அன்னை கட்டிய உணவு அவர்கள் பசியை அங்கே ஆற்றுகிறது. அந்தக் கடனை நாம் விழுப்புரத்து நடைமேடையில் தீர்க்கலாம். அடுத்த முறை வேளாங்கண்ணிக்கோ வில்லியனூர் லூர்து அன்னையின் திருத்தலத்திற்கோ குடும்பமாய்ப் புறப்படும்போது, வீட்டார் எத்தனை பேரோ அத்தனை பொதிகளுடன், இன்னும் ஒன்றையும் கட்டுவோம். அது யாருக்கு என்பதை வழியில் ஆண்டவரே காட்டுவார்.