புறா போனாலும் உண்ணி போகாது

மட்டாஞ்சேரி குஜராத்தி சாலையில் நண்பகல் ஆனால் தர்மநாதர் சமணக் கோயிலைச் சுற்றிப் புறாக்கள் வட்டமிடும். பக்தர்கள் தானியம் இறைப்பார்கள். புறாக்கூடுகளில் கண்ணில் படாத விருந்தாளி ஒன்றும் தங்குவதுண்டு: ஆர்கஸ் இன உண்ணி. பகலில் சுவர் இடுக்கில் பதுங்கி, இரவில் ரத்தம் குடிக்கும். குளிரில் முடங்கும், வெப்பத்தில் முட்டையிட்டு வேகமாக வளரும். ஐரோப்பாவில் குளிர்காலம் இதற்குக் கடிவாளம். வெப்பநிலை 20 டிகிரிக்குக் கீழே இறங்குவதே அபூர்வமான கொச்சியில் அந்தக் கடிவாளம் கிடையாது.

பழைய மிளகுக் கிடங்குகளை விடுதிகளாக மாற்றுபவர்கள் கவனிக்க வேண்டியது இதைத்தான். புறாவை மட்டும் விரட்டினால், ஆண்டுக்கணக்கில் பட்டினி தாங்கும் உண்ணி மனிதரைத் தேடி வரும். அதன் கடி சிலருக்குக் கடும் ஒவ்வாமை தரும். கூட்டை அகற்றி, இடுக்குகளில் மருந்தடித்து அடைத்த பிறகே வெள்ளையடிக்க வேண்டும்.